பிறவித் தொற்றும் செவித்திறன் இழப்பும்: ஆய்வு வரலாற்றை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கருவிலேயே ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தொற்றிய குழந்தைக்குக் காது கேளாமல் போகும் என்பதை நார்மன் கிரெக் 1941 இல் கண்டுபிடித்தார் என்று பல கட்டுரைகள் ஒரே வரியில் எழுதிவிடுகின்றன. கிரெக் சிட்னி நகரின் கண் மருத்துவர். அவ்வாண்டு அக்டோபரில் மெல்போர்னில் அவர் வாசித்த கட்டுரை பிறவிக் கண்புரையைப் பற்றியது. அதில் 78 குழந்தைகள் இடம்பெற்றனர், அவர்களுள் 68 பேரின் தாய்மார்களுக்குக் கர்ப்ப காலத்தில் ருபெல்லா வந்திருந்தது. பலருக்கு இதயக் குறைபாடும் இருந்ததை அவர் பதிவு செய்தாரே தவிர, காதைப் பற்றி அக்கட்டுரை பேசவில்லை. கைக்குழந்தையின் கண்ணில் படரும் வெண்மை தாய்க்கே தெரிந்துவிடும். கேளாமையோ பேச்சு வர வேண்டிய வயதில்தான் வெளிப்படும். அடிலெய்டில் சார்லஸ் ஸ்வானும் அவருடைய சகாக்களும் 1943 இல் வெளியிட்ட ஆய்வில்தான் கேளாமை இந்தப் பட்டியலில் சேர்ந்தது.

கிரெக்கை ஐயுற்றவர்களை எல்லாம் குறுகிய மனத்தினராகச் சித்திரிப்பதும் தவறுதான். 1944 இல் லான்செட் என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழ் அவருடைய முடிவு இன்னும் நிறுவப்படவில்லை என்று எழுதியதற்கு ஒரு நியாயம் இருந்தது. பாதிக்கப்பட்ட குழந்தையிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கித் தாயின் நோயை விசாரித்தால், ருபெல்லா வந்தும் நலமான குழந்தையைப் பெற்ற தாய்மார்கள் எத்தனை பேர் என்பது கணக்கிலேயே வராது. ருபெல்லாவுக்கும் கேளாமைக்கும் உள்ள தொடர்பைப் புள்ளியியல் வழியில் தெளிவுபடுத்தியவர் ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் எச். ஓ. லங்காஸ்டர். 1911 ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 10 முதல் 14 வயதினரிடையே கேளாதோர் வழக்கத்தைவிட மிகுந்திருந்ததையும், அதே மிகுதி 1921 இல் 20 முதல் 24 வயதினரிடம் தென்பட்டதையும் அவர் 1951 இல் எடுத்துக்காட்டினார். சான்று அரசு ஆவணத்தில் பல்லாண்டுகளாகக் கிடந்திருக்கிறது. அதை ஒரு தொற்றோடு பொருத்திப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

ருபெல்லாவில் கற்ற பாடத்தை, கருவைத் தொற்றிக் கேளாமையை உண்டாக்கும் மற்றொரு வைரஸான சைட்டோமெகலோ வைரஸுக்கு அப்படியே பொருத்துவது அடுத்த பெரிய தவறு. ருபெல்லாவுக்கு எதிரான நோயெதிர்ப்பு தாயிடம் இருந்தால் கரு ஏறக்குறைய முழுப் பாதுகாப்புப் பெறுகிறது. சைட்டோமெகலோ வைரஸோ, முன்பே அதன் தொற்றுக்கு ஆளான தாயிடமிருந்தும், பழைய வைரஸ் மீண்டும் தலைதூக்குவதாலோ புதிய வகை ஒன்று தொற்றுவதாலோ, கருவைச் சென்றடையக் கூடும். ஏறக்குறைய எல்லாப் பெண்களுமே முன்பு தொற்றுக்கு ஆளாகியிருந்த பிரேசிலின் ரிபெய்ரோ ப்ரெட்டோவில், பிறக்கும் குழந்தைகளில் சுமார் 1 சதவீதத்தினரிடம் இத்தொற்று காணப்பட்டது. பெரும்பாலான பெண்களுக்குச் சிறு வயதிலேயே இந்த வைரஸ் தொற்றிவிடும் இந்தியாவில், ‘தாய்க்கு எதிர்ப்பாற்றல் இருக்கிறது, கவலையில்லை’ என்று சொல்ல இடமில்லை.

பிறந்தவுடன் செய்யும் செவிப் பரிசோதனையில் தேறிவிட்டால் விஷயம் முடிந்தது என்று கருதுவதே இவை எல்லாவற்றிலும் அதிகம் தீங்கு செய்வது என்பது என் எண்ணம். சைட்டோமெகலோ வைரஸ் தொற்றுடன் பிறப்பவர்களில் சுமார் 90 சதவீதத்தினருக்கு வெளிப்படையான அறிகுறி எதுவும் இருப்பதில்லை. அப்படிப்பட்ட 307 குழந்தைகளை அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் கேரன் ஃபவுலரும் சக ஆய்வாளர்களும் தொடர்ந்து கண்காணித்து 1997 இல் வெளியிட்ட ஆய்வில், 22 பேருக்குச் செவித்திறன் குறைந்திருந்தது; அவர்களுள் பாதிப் பேருக்கு அது மேலும் மோசமானது, சிலருக்கோ குறைபாடு தொடங்கியதே பிறந்து ஆண்டுகள் கழித்துத்தான். ஒரே ஒரு நாள் சோதித்து முடிவு கட்டியிருந்தால் இவர்களில் சிலர் நலமானவர்கள் பட்டியலில் சேர்ந்திருப்பார்கள்.

இத்தொற்றைக் கண்டறிய எந்த மாதிரியை, எப்போது எடுப்பது என்பதிலும் பிழைகள் நேர்கின்றன. பிறந்த 21 நாட்களுக்குப் பின் எடுத்த மாதிரியில் வைரஸ் இருந்தால், அது கருவில் வந்ததா, பிறந்த பின் வந்ததா என்று பிரித்தறிய இயலாது. காகிதத்தில் உலர்த்திய ரத்தத்துளியில் வைரஸ் இல்லை என்பதைத் தொற்றே இல்லை என்று கொள்ளலாகாது. சுரேஷ் போப்பனா குழுவினர் 2010 இல் வெளியிட்ட ஆய்வில் அம்முறை தொற்றுள்ள குழந்தைகளில் பாதிப் பேரைக்கூடக் கண்டறியவில்லை. பின்னர் முறைகள் மேம்பட்டாலும் சிலர் இன்னும் தப்பிவிடுகின்றனர். உமிழ்நீரில் துல்லியம் அதிகம். ஆனால் தாய்ப்பாலிலும் இந்த வைரஸ் இருக்கக் கூடும் என்பதால், பால் குடித்தவுடனே மாதிரி எடுக்காமல் சற்று இடைவெளி விட வேண்டும். தொற்று இருப்பதாக முடிவு வந்தால் சிறுநீரிலும் சோதித்து உறுதிப்படுத்த வேண்டும்.