கஞ்சாவை விட்ட பிறகு தூக்கம் வராத இரவுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் எங்கள் வீட்டில், என் தம்பி கஞ்சாவை நிறுத்திய நான்காவது இரவு அது. விடிய மூன்று மணி நேரம் இருக்கும்போது கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். பனியன் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. "அக்கா, அது இல்லாம எனக்குத் தூக்கமே வராது போல" என்றான்.

அந்தப் பேச்சை நம்பிவிடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் கூட.

நாள்தோறும் புகைத்தவர் நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், பசியின்மை, இரவு வியர்வை, தூக்கமின்மை எல்லாம் ஆரம்பிக்கும். முதல் வாரத்தில்தான் உச்சம். மற்றவை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். தூக்கம் மட்டும் சீராக ஒரு மாதம் ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி, மூளை செல்களில் தான் வந்து ஒட்டும் இடங்களான சிபி1 என்ற ஏற்பிகளைத் தூண்டுகிறது. தினமும் தூண்டிக்கொண்டே இருந்தால் மூளை அந்த ஏற்பிகளைக் குறைத்துவிடும். நிறுத்திய சில நாட்களிலேயே அவை மீளத் தொடங்கி, சுமார் நான்கு வாரத்தில் பெருமளவு பழைய நிலைக்கு வருகின்றன. அதாவது, கூடத்தில் உட்கார்ந்து தவிக்கும் அந்த நேரத்தில் பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருக்கிறது. இது தெரியாமல் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ ஒன்றைப் பற்றவைத்து, நன்றாகத் தூங்கி எழுந்து, "பார்த்தாயா, இதுதான் எனக்கு மருந்து" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கஞ்சா அங்கே தணித்தது, தான் உண்டாக்கிய தவிப்பையே. பட்ட பாடு வீணாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது.

அடுத்தது கனவுகள். இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லி வைப்பதில்லை, அதனால்தான் பயந்துபோகிறார்கள். கஞ்சா, கனவு வரும் தூக்கக் கட்டத்தை அமுக்கி வைத்திருக்கும். விட்டதும் அந்தக் கட்டம் அடைத்து வைத்த தண்ணீர் போலப் பாய்ந்து வரும். செத்துப்போனவர்கள் வருவார்கள், யாரோ துரத்துவார்கள், எல்லாம் கண்முன் நடப்பது போலவே இருக்கும். புகைப்பது போன்ற கனவும் பலருக்கு வரும். ஒன்பதாம் நாள் காலையில் தம்பி என்னிடம் கிசுகிசுப்பாக, "கனவுல அடிச்சிட்டேன்க்கா, எல்லாம் போச்சு" என்றான். எதுவும் போகவில்லை. கனவில் புகைத்தது கணக்கில் சேராது. அம்மாவோ அவன் அலறுவதைக் கேட்டு, ஏதோ காற்றுக் கருப்பு அண்டிவிட்டது என்று சிராங்கூன் ரோடு கோயிலுக்குக் கூட்டிப் போகலாம் என்றார்கள். கோயிலுக்குப் போவதில் எனக்கு மறுப்பே இல்லை, அங்கே அவனுக்கு நிம்மதி கிடைத்தது. ஆனால் ஏற்கெனவே பயந்திருப்பவனிடம் உன்னை ஏதோ பிடித்திருக்கிறது என்று சொல்லாதீர்கள். கனவுக்குப் பயந்து படுக்கைக்கே போகாமல் விழித்திருந்தால் மறுநாள் இரவு இன்னும் மோசமாகும்.

கஞ்சாவுக்குப் பதில் வேறொன்றைப் பிடிப்பது இன்னொரு தவறு. இரண்டு டின் பியர் குடித்தால் சீக்கிரம் கண் சொக்கும், உண்மைதான். ஆனால் மது இறங்க இறங்கப் பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாக உடையும். நண்பர் கொடுக்கும் தூக்க மாத்திரையும் வேண்டாம். அந்த வகை மாத்திரைகள் பலவற்றுக்குப் பழகிவிட்டால் அவற்றை விடுவதே தனிப் போராட்டம். கேபாட் வேப் பக்கம் போகவே கூடாது. அதில் கலக்கும் எட்டோமிடேட் மயக்க மருந்து, 2025 செப்டம்பரில் இங்கே சி பிரிவுப் போதைப்பொருளாக அறிவிக்கப்பட்டது. கஞ்சாச் செடியிலிருந்து எடுத்து இணையத்தில் விற்கும் சிபிடி எண்ணெயும் சிங்கப்பூரில் அனுமதிக்கப்பட்டதல்ல. "பேங்காக் போய் ரெண்டு நாள் நிம்மதியாத் தூங்கிட்டு வரேன்" என்ற யோசனையும் உதவாது. சிங்கப்பூரரும் நிரந்தரவாசியும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்குள்ள சட்டம் பாயும்.

பகலில் நடக்கும் தவறுகள் எல்லாருக்கும் தெரிந்தவையே. இரவு தூங்கவில்லை என்று பகல் பதினொன்று வரை படுத்திருப்பது, அப்புறம் மந்தம் தெளியக் காபிக்கடையில் மாலை ஐந்துக்குக் கோப்பி ஓ, அதாவது பால் சேர்க்காத காபி. அதன் பாதி வீரியம் இரவு பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும். எவ்வளவு மோசமான இரவானாலும் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். இங்கே ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது, அந்த வெளிச்சத்தில் அரை மணி நேரம் புளோக்கைச் சுற்றி நடந்தாலே உடலின் கடிகாரம் சீராகத் தொடங்கும். இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்பிப் போங்கள். சின்ன வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அண்ணன் தம்பியோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு இதைச் செய்வது கஷ்டம்தான். அதனால் கூடத்தில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுங்கள். நடுராத்திரியில் "இப்ப என்ன முழிப்பு?" என்று அதட்டாதீர்கள்.

கஞ்சாவைப் புகையிலையோடு கலந்து சுருட்டியவர்களுக்கு இன்னொன்று. கஞ்சாவை விட்டுவிட்டு சிகரெட்டைக் கூட்டினால், நிக்கோட்டின் தூக்கத்தைக் கெடுக்கும்.

கடைசியாக, பயத்தால் உதவி கேட்காமலே இருப்பது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. கஞ்சா உட்கொண்டதற்கு இங்கே 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். போதைப் பழக்கம் உள்ளவர் என்று சந்தேகித்தால் அதிகாரிகளிடம் தெரிவிக்கும் கடமை மருத்துவர்களுக்கும் உண்டு. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் தொலைபேசியில் கேட்பதற்குப் பெயர் சொல்லத் தேவையில்லை. மனநலக் கழகத்தின் போதைப் பழக்கச் சேவைக்கு 6732 6837 என்ற எண் இருக்கிறது. சிகிச்சைக்கு வந்தால் என்ன பதிவாகும், யாருக்குத் தெரிவிப்பார்கள் என்று முதலில் அதையே கேளுங்கள். மனம் கனத்துப் பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி எண்ணான 1771 எந்நேரமும் இயங்குகிறது.

ஆறு வாரம் தாண்டியும் தூக்கம் சீராகவில்லையா? அது கஞ்சாவை விட்டதால் மட்டும் வந்ததாக இல்லாமல் இருக்கலாம். பதற்றமோ மனச்சோர்வோ குறட்டையோடு மூச்சுத் தடைபடும் கோளாறோ முன்பே இருந்து, புகை அதை மூடியிருக்கலாம். அதற்கு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை இல்லாமல் தூக்கத்தைப் பழக்கும் உளவியல் சிகிச்சையும் உண்டு. காதில் குரல் கேட்கிறது, உயிரை விட்டுவிடத் தோன்றுகிறது என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்: 1767 (தற்கொலைத் தடுப்பு உதவி எண்) அல்லது 995 (ஆம்புலன்ஸ்).