மாடிஃபை பண்ண பழைய பைக்குக்கு பார்ட்ஸ் தேடுறப்போ பண்ணக்கூடாத தப்புகள்

முதல் தப்பே பேப்பர்ல இருக்கற மாடல் பேரை சொல்லி பார்ட் கேக்கறதுதான். ஃபிரேம் ஒரு பைக்கோடது, முன் ஃபோர்க் வேற ஒன்னு, பின் வீலு மூணாவது ஒன்னுன்னு யாரோ எப்பவோ மாத்தி வச்சிருப்பாங்க, அப்புறம் மாடல் பேரை வச்சு என்ன பண்றது? பார்ட்டை கழட்டி, துடைச்சு, வெர்னியர் (துல்லியமா அளக்கற கருவி) வச்சு அளந்துட்டு அந்த அளவை சொல்லி தேடுங்க.

நிறைய பார்ட்ஸ் பைக் கம்பெனி தயாரிச்சதே கிடையாது. வீல் பேரிங்ல 6203னு போட்டிருந்தா உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர், அது எந்த வண்டில இருந்தாலும் அதேதான். ஆயில் சீல்லயும் பெரும்பாலும் மூணு அளவும் அச்சடிச்சிருக்கும். அழுக்கை துடைச்சு அதை படிக்காம "இந்த மாடலுக்கு சீல் வர்றதில்ல"ன்னு மாசக்கணக்கா அலையறவங்களை பாத்தா நெஜமாவே வருத்தமா இருக்கு.

செயின்ல 520, 530னு வர்ற ரெண்டு சைஸுக்கும் பிட்ச் (ஒரு பின்னுல இருந்து அடுத்த பின்னுக்கு உள்ள தூரம்) ஒன்னு, 15.875 மில்லி, ஆனா அகலம் வேற. 520 ஸ்ப்ராக்கெட்ல 530 செயின் உக்காந்துடும், அதனால சரியா இருக்குன்னு ஓட்டிடுவாங்க, ஆனா அது பக்கவாட்டுல ஆடும்.

போல்ட்ல இன்னும் மோசம். எம்10 போல்ட் (10 மில்லி விட்டம்) 1.25 மில்லி பிட்ச்லயும் வரும், 1.5லயும் வரும்; இங்க பிட்ச்னா ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம். மாத்தி போட்டா ரெண்டு சுத்து போய் இறுகும், துருவா இருக்கும்னு நெனச்சு ஸ்பேனர் போட்டு திருகுனா அலுமினியம் கேஸிங்ல மரை போச்சு. பழைய பிரிட்டிஷ் பைக்னா விட்வொர்த் மரையா கூட இருக்கலாம், அதோட கோணம் 55 டிகிரி, மெட்ரிக் 60. மரையோட ஒப்பிட்டு பாக்கற பிட்ச் கேஜ் வச்சு பாக்காம எதையும் ஏத்தாதீங்க.

லேத்ல செஞ்சுக்கறவங்க பண்ற பெரிய தப்பு, தேஞ்ச பார்ட்டை அப்படியே சாம்பிளா குடுக்கறது. லேத்காரர் தேய்மானத்தையும் சேத்து காப்பி அடிச்சு குடுப்பாரு, புது புஷ் (ஷாஃப்டை சுத்தி உக்கார்ற குழாய் மாதிரி பார்ட்) முதல் நாள்லயே லூசு. தேயாத ஓரத்தை அளங்க, அது உக்கார்ற ஓட்டையையும் ஷாஃப்டையும் தனியா அளங்க, எவ்வளவு கேப் வேணும்னு நீங்களே சொல்லுங்க. வீல் உள்ள ரெண்டு பேரிங்குக்கு நடுவுல வர்ற ஸ்பேசரை வெறும் பைப்தானேன்னு கொஞ்சம் குட்டையா வெட்டிடறாங்க, அப்ப ஆக்ஸிலை டைட் பண்ணும்போது பேரிங்கோட உள் வளையம் ரெண்டும் உள்பக்கம் தள்ளி, பால்ஸ் மேல பக்கவாட்டு லோடு ஏறி, புது பேரிங்கே சீக்கிரம் போயிடும்.

3டி பிரிண்ட் பண்ணலாம், ஆனா பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் பக்கத்துலயே இளகிடும், இஞ்சின் கிட்ட வேண்டாம். மெட்டல்ல வெட்டறதுக்கு முன்னாடி பொருந்துதான்னு பாக்க அது அருமையான வழி.

பிரேக், ஆக்ஸில், ஹேண்டில்பார் கிளாம்ப் இதெல்லாம் கிடைச்ச இரும்புல செய்யவே செய்யாதீங்க. பளபளன்னு இருக்கேன்னு காலிப்பர்ல (பேடை டிஸ்க் மேல அழுத்தற பிரேக் பாகம்) சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட் போடறதும் தப்பு, அது தாங்கற இழுவிசை சுமார் 700 மெகாபாஸ்கல், 10.9 கிரேடு ஸ்டீல் போல்ட் 1000 தாங்கும். பழைய காலிப்பருக்கு பேட் கிடைக்கலைன்னா, இப்பவும் பேட் வர்ற ஒரு காலிப்பரா பாத்து, அதுக்கு பிரேக் ஆயிலை தள்ளற தகுந்த மாஸ்டர் சிலிண்டரோட முழு செட்டாவே மாத்திடுங்க.