இரு கட்சிக்கும் பிரித்துப் போடும் வாக்கு

வெள்ளவத்தையிலிருந்து போய் அமெரிக்கக் குடியுரிமை எடுத்தவர்கள் முதலில் நம் விருப்பு வாக்குப் பழக்கத்தை மறக்க வேண்டும். இங்கே இலங்கையில் பாராளுமன்றத் தேர்தலில் ஒரு கட்சி, அதற்குள் 3 வேட்பாளர் வரை விருப்பு வாக்கு; இரண்டு கட்சிக்குப் புள்ளடி போட்டால் சீட்டு செல்லாது. அங்கே பொதுத் தேர்தலில் பதவிக்குப் பதவி தனி வாக்கு. வரிக்காகக் குடியரசுக் கட்சி செனட்டரையும் பள்ளிக்கூடங்களுக்காக ஜனநாயகக் கட்சி ஆளுநரையும் தெரிவு செய்யலாம், கேட்பாரில்லை.

மிச்சிகனில் சீட்டின் மேலே முழுக் கட்சிக்கான கட்டம் உண்டு. அதை நிரப்பிவிட்டு, கீழே மறு கட்சிக்காரர் ஒருவரையும் குறித்தால் அந்தப் பதவிக்கு அவருக்கே வாக்கு சேரும். கட்சிகள் தம் வேட்பாளரைத் தெரிவு செய்யும் ஆகஸ்ட் முதனிலைத் தேர்தலில்தான் பலர் சறுக்குவது: இரு கட்சி நிரலிலும் குறித்தால் கட்சிப் பகுதி முழுதும் வீண்.

புளோரிடாவில் பொதுவாகக் கட்சியில் பதிந்தவருக்கே முதனிலை வாக்கு. கட்சி மாற்றுவதானால் முதனிலைத் தேர்தலுக்கு 29 நாட்களுக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.