கூண்டுச் செந்நாயைப் பார்த்து ‘கோபம்’ என்று எழுதாதீர்கள்

முதல் நாள் என் நோட்டில் எழுதிய வரி இது: “மாலை 3.40. ஆண் செந்நாய் கோபமாக உலாத்துகிறது.” எழுதிவிட்டுக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த கீப்பர் அண்ணன் சிரித்துவிட்டார். “கோபமெல்லாம் இல்ல தம்பி. நாலு மணிக்குக் கறி வரும். வண்டிச் சத்தம் கேக்குதான்னு பாத்துக்கிட்டுத் திரியுது.”

அவர் சொன்னதும் ஒரு ஊகம்தான். ஆனால் எது சரி என்று என் நோட்டை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அந்த வரியில் நான் நினைத்தது இருந்தது, செந்நாய் செய்தது இல்லை. கூண்டில் இருக்கும் ஓநாய், நரி, செந்நாய்களைக் கவனிக்க உட்காருபவர்கள் அத்தனை பேரும் முதலில் செய்யும் தவறு இது.

இப்படி எழுதியிருக்க வேண்டும்: “3.40. கிழக்கு வேலியோரம் ஒரே தடத்தில் போய்த் திரும்புகிறது, நிமிடத்துக்கு 6 முறை. வால் தொங்குகிறது. காதுகள் பின்கதவுப் பக்கம். வாய் மூடியிருக்கிறது.” படிக்கச் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் இதை வைத்து மேலே ஒரு கேள்வி கேட்கலாம். நம் பூங்காக்கள் பலவற்றில் ஊன் உண்ணிகளுக்கு வாரம் ஒரு நாள் பட்டினி போடும் வழக்கம் உண்டு. அன்றைக்கும் அதே நேரத்துக்கு நடக்கிறதா? தீனி கிடைத்த பிறகும் நடை நிற்கவில்லை என்றால்? டிரைவிங் டெஸ்டில் எட்டு போடுவதுபோல மணிக்கணக்கில் ஒரே தடத்தில் சுற்றுவது கூண்டு வாழ்க்கையின் விளைவாகவும் இருக்கலாம். எதற்கும் தடத்தை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, தெருநாயைப் பார்த்துப் பழகிய கண். வாலாட்டினால் சந்தோஷம், பல்லைக் காட்டினால் கடிக்க வருகிறது என்று முடிவு கட்டிவிடுவோம். பல்லைக் காட்டுவதிலேயே இரண்டு வகை உண்டு. உதட்டோரம் முன்னால் குவிந்து, காது நிமிர்ந்திருந்தால் மிரட்டல். உதட்டோரம் காதுவரை பின்னால் இழுபட்டு, காதும் தலையோடு ஒட்டியிருந்தால் பயம். நோட்டில் இரண்டையும் “பல்லைக் காட்டியது” என்று எழுதினால் எல்லாம் போச்சு. அதனால் காது, உதட்டோரம், வால், முதுகு மயிர் நான்கையும் சேர்த்தே எழுதப் பழகுங்கள். செந்நாய்க்குக் காதையும் தீட்டிக்கொள்ள வேண்டும். அது சீழ்க்கை அடிக்கும். முதல் வாரம் முழுக்க அதை ஏதோ பறவைச் சத்தம் என்று விட்டுவிட்டேன்.

இனி, நிறையப் பேரைக் கவிழ்த்த தவறு. கூண்டில் பார்த்ததை அந்த விலங்கின் சுபாவம் என்றே எழுதிவிடுவது. ரூடால்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலையில் ஓநாய்களைக் கவனித்து 1947-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முகபாவம், உடல்மொழி பற்றி அதில் இருப்பது இன்றைக்கும் உதவும். ஆனால் அங்கே ஏறக்குறைய 200 சதுர மீட்டரில் பத்து ஓநாய்கள்வரை அடைபட்டிருந்தன. சண்டை போட்டுத் தோற்றது விலகிப் போக இடமில்லை. அங்கே கண்ட அதிகாரப் போட்டியிலிருந்து கிளம்பியதுதான், சண்டையில் ஜெயித்துக் கூட்டத்தை அடக்கி ஆளும் ‘ஆல்ஃபா ஓநாய்’ என்ற எண்ணம். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-ல் எழுதிய புத்தகமும் அதைப் பரப்பியது. அதே மெக் 1986 முதல் 13 கோடைக்காலங்கள் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு இருந்து பார்த்தார். கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999-ல் எழுதினார். தன் பழைய புத்தகத்தை அச்சிட வேண்டாம் என்று அவரே கேட்டும் அது நின்றது 2022-ல்தான். ‘ஆல்ஃபா’ மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் விலங்கைப் பற்றி எழுதும் முன் கூண்டைப் பற்றி எழுதுங்கள்: எவ்வளவு இடம், எத்தனை விலங்கு, எது எதற்கு உறவு, மறைவிடம் உண்டா, தீனி எப்போது, அன்று பார்வையாளர் கூட்டம் எப்படி.

அப்புறம் கணக்கு. சண்டை வந்தால் பேனா தானாக ஓடும். இரண்டு மணி நேரத் தூக்கத்தை யாரும் எழுதுவதில்லை. கடைசியில் நோட்டைப் புரட்டினால் ஓநாய் நாள் முழுக்கச் சண்டை போடுவதாகத் தெரியும். கண்ணில் பட்டதை மட்டும் எழுதினால் வரும் இந்தக் கோணலைப் பற்றி விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974-லேயே விரிவாக எழுதிவிட்டார். வழி எளிது. ஒரு விலங்கை மட்டும் குறித்த நேரத்துக்கு விடாமல் பாருங்கள். அல்லது நிமிடத்துக்கு ஒரு முறை, மணி அடித்த அந்தக் கணத்தில் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று குறியுங்கள்.

இதில் “கண்ணில் படவில்லை” என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் 60 குறிப்பு. 20 முறை விலங்கு உள்ளறையில், 10 முறை உலாத்தல். உலாத்தல் 60-ல் 10 என்றால் 17 சதவீதம். கண்ணில் பட்ட 40-ல் 10 என்றால் 25. எந்தக் கணக்கு என்று சொல்லாமல் சதவீதம் மட்டும் போடுவது ஏமாற்று வேலை. உள்ளே அது தூங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதால் 25-ஐயும் அப்படியே நம்பாதீர்கள்.

பெயர்க் குழப்பமும் உண்டு. ‘நரி’, ‘குள்ளநரி’ இரண்டையும் ஊருக்கு ஊர் மாற்றிச் சொல்கிறோம். அறிவியல் பெயரில் கேனிஸ் ஆரியஸா (ஆங்கிலத்தில் ஜக்கால்), வல்பஸ் பெங்காலென்சிஸா (இந்தியன் ஃபாக்ஸ்) என்று ஒரு முறை தெளிவாகக் குறித்துவிடுங்கள்.

தனி விலங்குக்குப் பட்டப்பெயர் வைக்கவும் வேண்டாம். காது வெட்டு, வால் நிறம் போன்ற அடையாளமும் ஒரு எண்ணும் போதும். நான் ஒரு செந்நாய்க்கு ‘ராஜா’ என்று பெயர் வைத்து, “ராஜா அதிகாரம் காட்டுகிறது”, “ராஜா மற்றதை விரட்டுகிறது” என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன். மூன்றாவது மாதம் ராஜா குட்டி போட்டது.