மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஓட்டப் பழகுவது எப்படி? ரோட்டரிக்குப் புதியவர்களுக்கான செய்முறை

சாதாரண கார் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள்தான் ஆர்எக்ஸ்-8இல் முதலில் தடுமாறுவார்கள். சீக்கிரமே அடுத்த கியருக்குப் போவது, இன்ஜின் அலறாமல் பார்த்துக்கொள்வது, வண்டியை நாலடி தள்ளி நிறுத்திவிட்டு உடனே சாவியைத் திருப்புவது என்று நாம் இயல்பாகச் செய்கிற பல காரியங்கள் இந்த ரோட்டரி இன்ஜினுக்கு ஆகாது. கை கால்களின் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும், அதன்பின் இதைவிட இனிமையாக ஓடும் வண்டிகள் குறைவு என்பேன்.

இங்கே சொல்வதெல்லாம் ஆறு கியர் மேனுவல் வண்டியை வைத்து: ஐரோப்பிய கணக்கில் 231 பிஎஸ் (குதிரைத்திறன்), ரெட்லைன், அதாவது இன்ஜின் தாண்டக் கூடாத எல்லை, 9000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). 192 பிஎஸ் வகை உங்களிடம் இருந்தால் ரெட்லைன் 7500தான், அதற்கேற்ப எண்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: உள்ளே என்ன சுற்றுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இடுப்பு ஒடுங்கிய நீள்வட்டம் போன்ற ஒரு அறை, அதற்குள் மூன்று முனை ரோட்டர் ஒன்று. அப்படி இரண்டு. ஒவ்வொன்றும் 654 சிசி, மொத்தம் 1308 சிசி. மேலும் கீழும் ஓடி ஓடித் திரும்புகிற பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. ரோட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள், அது திருப்புகிற ஷாஃப்ட் (இன்ஜினின் நடுத் தண்டு) மூன்று சுற்று சுற்றிவிடும், ஆகவே மீட்டர் 9000 காட்டும்போது உள்ளே ரோட்டர் 3000இல்தான் போய்க்கொண்டிருக்கிறது. மேல் ஆர்பிஎம்மில் இந்த இன்ஜின் இத்தனை அமைதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரோட்டரின் மூன்று முனைகளிலும் அபெக்ஸ் சீல் என்ற மெல்லிய பட்டைகள் இருக்கின்றன. அறைச் சுவரை உரசிக்கொண்டே ஓடுவதால் அவற்றுக்கு எப்போதும் எண்ணெய் வேண்டும். அதற்காகவே ஒரு சிறிய பம்ப் இன்ஜின் ஆயிலிலிருந்து அளவாக எடுத்து உள்ளே விடுகிறது, அது பெட்ரோலோடு சேர்ந்து எரிந்தும் போகிறது. ஆயில் குறைகிறதே, எங்கோ கசிகிறதோ என்று பயப்பட வேண்டாம், வடிவமைப்பே அப்படித்தான். இனி வரும் படிகளில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் பிறக்கின்றன.

படி 2: டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி)

இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறையாவது ஆயில் பாருங்கள். வண்டி சமதளத்தில் நிற்கட்டும், சூடான இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் விட்டு, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் அதே வகை ஆயிலைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள், மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம். எச்சரிக்கை விளக்கு எரியும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள் தயவுசெய்து வேறு கார் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: ஸ்டார்ட் செய்து சூடேற்றுவது

ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். குளிர்ந்த இன்ஜினாக இருந்தால் முதலில் ஆர்பிஎம் சற்று உயர்ந்து நிற்கும், கூடவே பேனட்டுக்கு அடியிலிருந்து ஒரு இரைச்சல் வரும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்கக் காற்றடிக்கிற பம்பின் சத்தம் அது, கொஞ்ச நேரத்தில் தானே அடங்கிவிடும்.

நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிடத் தேவையில்லை. இரைச்சல் அடங்கியதும் கிளம்பி மெதுவாக ஓட்டுங்கள், வெப்ப முள் நடுவுக்கு வரும்வரை 4000 ஆர்பிஎம்மைத் தாண்டாதீர்கள். முள் காட்டுவது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் வெப்பத்தை. ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடாகும் என்பதால், முள் நடுவுக்கு வந்தபின்னும் சில நிமிடம் பொறுத்து முழு ஆட்டத்தைத் தொடங்குவது நல்லது. 2008க்குப் பின் வந்த இரண்டாம் தலைமுறை வண்டிகளில் இந்தக் கவலையை ஆர்பிஎம் மீட்டரே பார்த்துக்கொள்கிறது, இன்ஜின் சூடாகச் சூடாகச் சிவப்புக் கோடு மேலே நகரும்.

படி 4: நகர்த்துவது

இங்கேதான் பலருக்கும் வண்டி அணைந்துபோகும். இந்த இன்ஜினின் அதிகபட்ச டார்க் (சுழற்றும் விசை) 211 நியூட்டன் மீட்டர், அதுவும் 5500 ஆர்பிஎம்மில்தான் கிடைக்கும். கீழே பெரிதாக ஒன்றும் இல்லை. டீசல் கார் போல கிளட்சை மட்டும் விட்டு நகர்த்தப் பார்த்தால் இருமிவிட்டு நின்றுவிடும். 2000 வாக்கில் ஆர்பிஎம்மை நிறுத்திக்கொண்டு, கிளட்ச் பிடிக்கும் இடத்தில் ஒரு கணம் தயங்கி, அப்புறம் முழுதாக விடுங்கள். பயத்தில் 4000க்கு ஏற்றிக் கிளட்சை அரைகுறையாகவே வைத்திருந்தால் கிளட்ச் தேய்வதைத் தவிர வேறு லாபம் இல்லை.

படி 5: மேலே போகப் பழகுங்கள்

இதுதான் முக்கியம். மற்ற கார்களில் 2500இல் கியர் மாற்றியே பழகிய காது, 5000இல் 'போதும், மாற்று' என்று கெஞ்சும். கேட்காதீர்கள். இன்ஜின் சூடாகியிருக்கிறது, முன்னால் சாலை காலியாக இருக்கிறது என்றால், இரண்டாம் கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தி என்ன நடக்கிறது என்று பாருங்கள். இந்த வகையில் ரோட்டருக்கு மூன்று வீதம் ஆறு இன்டேக் வழிகள் (காற்று உள்ளே வரும் வழிகள்) இருக்கின்றன. தொடக்கத்தில் எல்லாம் திறந்திருக்காது. 3750 வாக்கில் ஒரு ஜோடி திறக்கும், 6000க்கு மேல் கடைசி ஜோடியும் திறக்கும். அந்த இடங்களில் வண்டி பாய்வதில்லை, உதைப்பதும் இல்லை. இழுவை தளராமல் போய்க்கொண்டே இருக்கும், சத்தம் மட்டும் தடித்த குரலிலிருந்து மெல்லிய கூர்மையான குரலாக மாறும். அதிகபட்ச பவர் வருவதே 8200இல்தான் என்பதால், 6000இல் கியர் மாற்றுகிறவர் காசு கொடுத்து வாங்கியதில் பெரும்பகுதியைத் தொடாமலே விட்டுவிடுகிறார்.

ஒரு ஆபத்தும் இதில் உண்டு. அதிர்வே இல்லாமல் ஏறுவதால் எங்கே இருக்கிறோம் என்று உடம்புக்குத் தெரியாது, அதிலும் கீழ் கியர்களில் முள் கண்ணுக்கு முன்னே பறக்கும். இதற்காகவே ரெட்லைனை நெருங்கும்போது ஒரு பீப் ஒலி வைத்திருக்கிறார்கள். அது கேட்டதும் கியரை மாற்றுங்கள். இரண்டாம் கியரில் 9000 என்றால் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியாகிவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள், மூன்றாம் கியரில் இதே வேலையைப் பொதுச் சாலையில் செய்ய வேண்டியதில்லை.

'தினம் ஒரு ரெட்லைன்' என்று ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வேடிக்கையாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது: எப்போதும் கீழ் ஆர்பிஎம்மிலேயே, குறுகிய தூரமே ஓடும் இன்ஜினில் கார்பன் படியும், சீல்கள் இறுகும். நன்றாகச் சூடான இன்ஜினை அவ்வப்போது மேலே கொண்டுபோவது அதற்கு நல்லது. சூடாகாத இன்ஜினில் செய்தால் பலன் நேர் எதிர்.

மெதுவாகப் போக நினைக்கும் நாளில் ஒன்றும் பிரச்சினையில்லை. ஆறாம் கியரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் 3000க்குச் சற்று மேலே நிற்கும், சத்தமே போடாமல் போகும். முந்திச் செல்ல வேண்டுமென்றால் மட்டும் நான்காம் கியருக்கோ மூன்றாம் கியருக்கோ இறங்கிவிட்டு முயலுங்கள், ஆறிலேயே அழுத்தினால் எதிரே வருகிறவர்தான் கவலைப்பட வேண்டியிருக்கும். பெட்ரோல் செலவைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அது தெரிந்துதான் வாங்கியிருப்பீர்கள்.

படி 6: வளைவுகள்

ரோட்டரி இன்ஜின் சிறியது. அதனால் மாஸ்டா அதை முன் அச்சுக்குப் பின்னால், மிகத் தாழ்வாக வைக்க முடிந்தது. முன்பின் எடை ஏறக்குறைய சரிபாதி. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு முதலில் போய் மற்றது பின்னால் இழுபடுவது போல இருக்காது, முழு வண்டியும் உங்கள் இடுப்பைச் சுற்றித் திரும்புவது போல இருக்கும். புதியவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் திருப்பிவிட்டுப் பின் சரிசெய்வார்கள். கையை அமைதியாக வைத்து, குறைவாகத் திருப்புங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: நேராக இருக்கும்போதே பிரேக், நேராக இருக்கும்போதே கியரைக் குறைப்பது, பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே உள்ளே திரும்புவது, வெளிவாசல் கண்ணுக்குத் தெரிந்ததும் ஆக்சிலரேட்டர். வளைவை விட்டு வெளியேறும்போது மீட்டர் 5000க்குக் குறையாமல் இருக்கும்படி கியரைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் கால் அழுத்தியும் வண்டி யோசித்துக்கொண்டிருக்கும். பிரேக் மிதித்தபடியே அதே காலின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்டிக் கியர் குறைக்கும் வித்தையைக் கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான கார் கிடைப்பது அரிது, லேசாகத் தட்டினாலே ஆர்பிஎம் துள்ளிவிடும்.

பின்சக்கரங்கள்தான் உந்துகின்றன என்றாலும் டார்க் குறைவு என்பதால், உலர்ந்த சாலையில் பின்பக்கம் சட்டென்று வழுக்கிக்கொண்டு போகாது. ஈரச் சாலையில் அந்தத் தைரியம் வேண்டாம். வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலைப் பட்டென்று எடுத்தால் எடை முன்னுக்குப் போய்ப் பின்பக்கம் லேசாகிவிடும், அப்படிச் செய்யாமல் இருக்கத்தான் முதலில் பழக வேண்டும். வண்டி வழுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பை அணைக்கிற டிஎஸ்சி பொத்தான் எங்கே இருக்கிறது என்று இப்போதைக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

படி 7: அணைப்பதும், அணைக்கக் கூடாததும்

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி, உடனே அணைக்காதீர்கள். குளிரில் பெட்ரோல் அதிகமாகவே உள்ளே போகும். அது எரிந்து முடியாமல் தங்கினால் பிளக்குகள் நனையும், சீல்களில் இருக்கும் எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டுக் கம்ப்ரெஷன் (அறைக்குள் உருவாகும் அழுத்தம்) விழும், அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் செய்துவிட்டீர்களா, அது சூடாகும்வரை ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள். வேறு வழியே இல்லை என்றால் 3000இல் சில நொடிகள் பிடித்துவிட்டு அணைக்கிறார்கள், ஒன்றும் செய்யாததற்கு அது மேல்.

படி 8: அப்படியும் பெட்ரோலில் முங்கிவிட்டால்

ஆக்சிலரேட்டரைத் தரையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுமார் பத்து நொடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். கால் முழுதாக அழுத்தியிருக்கும்போது பெட்ரோல் பாய்வது நின்றுவிடும், உள்ளே தேங்கியது காற்றோடு வெளியேறும். ஸ்டார்ட்டர் ஆற ஒரு இடைவெளி விட்டு மீண்டும் ஒருமுறை. அப்புறம் காலை எடுத்துவிட்டு வழக்கம்போல ஸ்டார்ட் செய்து பாருங்கள். உயிர் வந்தால் நிறையப் புகை வரும், பயப்படாதீர்கள். வரவில்லையென்றால் பேட்டரி சாகும்வரை சுற்றாமல், பிளக்குகளைக் கழற்றித் துடைத்து உலர்த்துவதுதான் அடுத்த வேலை. நான்கு பிளக், ரோட்டருக்கு இரண்டு. அந்த இரண்டும் லீடிங், டிரெய்லிங் என்று வெவ்வேறு வகை, இடம் மாறாமல் திரும்பப் போடுங்கள்.

சூடான இன்ஜினே ஸ்டார்ட் ஆகத் திணறினால் கதை வேறு, கம்ப்ரெஷன் குறைந்திருக்கலாம். பிஸ்டன் இன்ஜினுக்கான மீட்டர் ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியே காட்டாது, அதற்கென்று இருக்கும் ரோட்டரி டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்கள். 250 ஆர்பிஎம்முக்குச் சரிசெய்த கணக்கில் ஒவ்வொரு முகத்திலும் 680 கிலோபாஸ்கலாவது வர வேண்டும், நல்ல இன்ஜினில் 830ஐ ஒட்டி வரும். பழைய ஆர்எக்ஸ்-8 வாங்கப் போகிறவர்களும் அந்த ஆறு எண்களைத் தாளில் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.