வார்டன் ரூம் வாசலில் உட்காருவதற்கு முன்

ராயபுரம் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் நான் ஒரு வருடம் மெஸ் செக்ரட்டரி. சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று ஒரு நாள் ராத்திரி 120 பேர் தட்டோடு போய் வார்டன் ரூம் வாசலில் உட்கார்ந்தோம். அவர் வெளியே வந்து ஒரே கேள்விதான் கேட்டார்: "ஸ்டாக் ரிஜிஸ்டர் எங்கப்பா?"

எங்களுடையது டிவைடிங் சிஸ்டம். சாமான் வாங்குவதும் கணக்கு எழுதுவதும் மாணவர் கமிட்டி. மாதச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கட்டுவோம். ரிஜிஸ்டரில் பதினோரு நாள் காலி. துவரம்பருப்பு எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ உலைக்குப் போனது என்று எனக்கே தெரியாது. தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம்.

நம் கையில் இருக்கிற நிர்வாகத்தைக் கோட்டை விட்டுவிட்டு மேலே கை காட்டுவதுதான் பெரிய தவறு. ஸ்டோர் சாவி ஒருவரிடமும் ரிஜிஸ்டர் இன்னொருவரிடமும் இருக்கட்டும். தராசில் நிறுத்து எழுதி, சமையல் அண்ணனிடமும் கையெழுத்து வாங்குங்கள். (அவரை எதிரியாக்குவது தனி முட்டாள்தனம்.) காசிமேட்டில் மீன் எடுத்தால் பில் கிடைக்காது, இரண்டு பேராகப் போய், விலையை அங்கேயே குறித்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மாசக் கடைசியில் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது, வாயால் சொல்லிவிட்டு வருவது. "சார் பார்க்கிறேன்னாரு" என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2023 விதிமுறைப்படி கல்லூரியில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருந்தாக வேண்டும். புகார் வந்த 15 வேலை நாளில் அது அறிக்கை தர வேண்டும். அரசு விடுதி என்றால் தகவல் உரிமைச் சட்டமும் இருக்கிறது: பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில்.

விதி பிடிக்கவில்லை என்றால் சுவரேறிக் குதிப்பதை எதிர்ப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். மாட்டினால் பேச்சு நம் ஒழுக்கத்தைப் பற்றிப் போய்விடும், விதி அப்படியே நிற்கும். 2019இல் கேரளாவில், மாலை 6 முதல் 10 வரை செல்போன் கூடாது என்ற விடுதி விதியை ஒரு மாணவி உயர் நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார். அவரை மறுபடி விடுதியில் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது.

ஸ்ட்ரைக் விஷயத்துக்கு வருகிறேன். சங்கம் என்பது நம்ம வடசென்னைக்குப் புதிதில்லை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூரில்தான் தொடங்கியது. ஆனால் 1921 பின்னி மில் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சாதிவாரியாகப் பிரிந்தார்கள், புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. மெஸ் பாய்காட் என்று சீனியர்கள் நாலு பேர் ரூமுக்குள் முடிவெடுக்கும்போது, வெளியே சாப்பிடக் காசில்லாதவன் என்ன செய்வான் என்று யாரும் கேட்பதில்லை. மூன்று வேளைச் சோற்றுக்காகவே விடுதிக்கு வந்தவன் அவன்.

எங்கள் பாய்காட்டில் அப்படி நாலு பேர் மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு சீனியர் போய்த் தட்டைத் தட்டிவிட்டார். மறுநாள் கூட்டத்துக்கு வந்தது முப்பது பேர்.