வெளிமாநிலப் பிள்ளைகளை அடுத்த பள்ளியில் சேர்ப்பது: வடசென்னைக்கு ஒரு வழிகாட்டி

காசிமேடு, மணலி, எண்ணூர், செங்குன்றம் செங்கல் சூளைகள் என்று பிழைப்புக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் படிப்பை விடுவது பெரும்பாலும் வகுப்புக்குள் இல்லை, இரண்டு பள்ளிகளுக்கு நடுவில்தான். 5 முடிந்து 6, 8 முடிந்து 9, 10 முடிந்து 11. தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் தன்னார்வலர்களும் கண் வைக்க வேண்டியது இந்த மூன்று இடங்களில்.

முதலில், எல்லோரையும் ‘இந்திக்காரப் பிள்ளைங்க’ என்று ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். கொருக்குப்பேட்டைத் தெலுங்குக் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே இருப்பவை. சௌகார்பேட்டை வணிகர் வீட்டில் டியூஷனுக்குக் காசு இருக்கும். சூளைக்கு வரும் ஒடியாக் குழந்தையோ ஊரில் பள்ளி ஆண்டு முடியும்போது அங்கே இருக்காது, இங்கே ஜூனில் ஆண்டு தொடங்கும்போது இங்கேயும் இருக்காது. சேர்க்கைப் படிவத்தில் அந்தக் குழந்தையின் தாய்மொழிக் கட்டத்தில் ‘இந்தி’ என்று எழுதிவிட்டால் பிறகு வரும் உதவியெல்லாம் தப்பான மொழியில் வரும். பெற்றோரிடம் கேட்டு எழுதுங்கள்.

சேர்க்கையின்போது ‘டி.சி. கொண்டுவா, ஆதார் கொண்டுவா’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுவரை, 8-ஆம் வகுப்புவரை, வயதுச் சான்று இல்லை, டி.சி. தாமதம், ஆண்டின் நடுவில் வந்தார்கள் என்ற எதுவும் மறுக்கக் காரணம் ஆகாது. பிறப்புச் சான்று இல்லையென்றால் அங்கன்வாடிப் பதிவேடு போதும். அதுவும் இல்லையென்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி. மறுத்தால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கு அழையுங்கள்.

அதிகம் நடக்கும் தவறு, தமிழ் தெரியாது என்று 11 வயதுப் பிள்ளையை 2-ஆம் வகுப்பில் உட்கார வைப்பது. சட்டம் சொல்வது வயதுக்கேற்ற வகுப்பும், கூடவே 3 மாதம் முதல் 2 ஆண்டுவரை சிறப்புப் பயிற்சியும். சின்னப் பிள்ளைகளோடு உட்காரும் கூச்சத்திலேயே அந்தப் பிள்ளை ஒரு நாள் வராமல் நின்றுவிடும்.

5-லிருந்து 6-க்குப் போகும்போது பள்ளி மாறும், தூரம் கூடும், காலை உணவு நிற்கும் (அந்தத் திட்டம் 5-ஆம் வகுப்புவரைதான்). மணலிப் பக்கம் கன்டெய்னர் லாரி ஓடும் சாலையைக் கடக்க வேண்டும் என்றால் பெண் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். ஏப்ரலிலேயே எந்தப் பள்ளி என்று முடிவு செய்து, பெற்றோரை ஒருமுறை அந்த வழியில் நேரில் கூட்டிப் போய்க் காட்டுங்கள். டி.சி. கொடுத்ததும் எமிஸில் (தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களின் இணையப் பதிவு) பெயர் காமன் பூலுக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பொதுப் பட்டியலுக்குப் போகும்; புதிய பள்ளி எமிஸ் எண்ணைப் போட்டு எடுக்காவிட்டால் அது அங்கேயே கிடக்கும், இரண்டு பள்ளியும் ‘நம்ம பிள்ளை இல்லை’ என்று இருக்கும். ஜூன் இரண்டாம் வாரம் பழைய பள்ளியின் தலைமையாசிரியர் பட்டியலைக் கையில் வைத்து ஒவ்வொரு பெயரையும் சரிபார்க்கட்டும். வேறு மாநிலத்திலிருந்து வந்த பிள்ளை என்றால் பழைய பள்ளி யூடைஸில் (நாடு முழுவதற்குமான பள்ளிப் பதிவு) பெயரை விடுவிக்க வேண்டும்; அதில் பிள்ளைக்குத் தரப்படும் நிரந்தர எண்ணான பென் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

6-ஆம் வகுப்பு இன்னொரு கணக்குக்கும் முக்கியம். மருத்துவம், பொறியியலில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது அடிப்படை. நடுவில் ஊருக்குப் போய் ஒரு வருடம் படித்து வந்தால் அது கைவிட்டுப் போகும். ஊருக்குக் கிளம்பும் முன்பே பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள்.

8-ஆம் வகுப்பு முடிந்தால் சட்டத்தின் பிடி தளர்ந்துவிடும், 9-இல் சேர்க்கத் தாள்கள் கேட்பார்கள். ஆகவே பிள்ளை 8-இல் இருக்கும்போதே எல்லாவற்றையும் சேகரித்து முடியுங்கள். மீன் ஷெட்டிலும் கடையிலும் ஆள் தேடும் வயது இதுதான்; கோடை விடுமுறையில் வேலைக்குப் போன பையன் ஜூனில் திரும்பினானா என்று வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

பெயர் விவகாரத்தை 9-ஆம் வகுப்பில் தீர்க்கவும். ஆதாரில் ‘ரோஹித் நாயக்’, எமிஸில் ‘நா. ரோஹித்’, டி.சி.யில் ‘ரோகித் நாயக்’ என்று இருக்கும். குடும்பப் பெயரை அப்பா பெயராக நினைத்து இனிஷியல் போடுவதால் வரும் வினை. நாமினல் ரோல் (பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியல்) போவதற்குள் ஆதாரில் உள்ளபடி மூன்றையும் ஒன்றாக்குங்கள். 10-ஆம் வகுப்புச் சான்றிதழில் அச்சான பின் பெயரையோ பிறந்த தேதியையோ மாற்றுவது பெரிய அலைச்சல். 10-ஆம் வகுப்புவரை தமிழ் கட்டாயப் பாடம், ஆங்கில வழியில் படித்தாலும் அப்படியே. தாமதமாக வந்து சேர்ந்த பிள்ளைக்கு விலக்கு கிடைக்குமா என்பதையும் இதே ஆண்டில் தலைமையாசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

10 முடிந்ததும் சாதிச் சான்று குறுக்கே நிற்கும். வேலைக்காகக் குடிபெயர்ந்த பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பம் புதிய மாநிலத்தில் அந்த ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்பது 1990 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலை. ஒடிசாவில் பழங்குடியாக இருக்கும் பிள்ளை இங்கே பொதுப் போட்டியில்தான் நிற்கும். இதை மறைத்து ஆசை காட்டாதீர்கள். 11-ஆம் வகுப்புக்கு விண்ணப்பிக்கும்போதே வடசென்னை அரசு ஐ.டி.ஐ.க்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். சொந்த மாநிலத்துச் சாதிச் சான்றை அங்கிருந்து வாங்கியும் வைத்திருங்கள், மத்திய அரசு ஒதுக்கீடுகளுக்கு அது தேவைப்படும்.